வெள்ளம் வருவதற்கு முன்னால் யார் பணம் தருவார்கள்?

2023 டிசம்பர் முதல் வாரத்தில் மிக்ஜாம் புயல் இரண்டு நாள் சென்னையில் கொட்டித் தீர்த்தது. தண்ணீர் வடிவதற்குள்ளாகவே டீக்கடை முதல் தொலைக்காட்சி விவாதம் வரை ஒரே கேள்விதான் ஓடியது: "நாலாயிரம் கோடி எங்கே போச்சு?" மழைநீர் வடிகாலுக்கு என்று அரசு சொல்லியிருந்த தொகை அது. எதிர்க்கட்சிகள் கேட்டன, ஆளுங்கட்சி பதில் சொன்னது, மீம் போடுகிறவர்கள் மீம் போட்டார்கள். கேள்வி நியாயமானதுதான். ஆனால் அதோடு சேர்த்துக் கேட்டிருக்க வேண்டிய சிலவற்றை அதிகம் பேர் கேட்கவில்லை. அந்தப் பணம் யாருடையது? எந்தக் கணக்கில் வந்தது? அதை வைத்து எதையெல்லாம் செய்ய முடியாது?

இந்தியாவில் ஒரு நகரம் பேரிடருக்குத் தயாராக வேண்டுமென்றால் பணம் எந்தெந்த வழியில் வருகிறது என்று பார்த்தால், எவ்வளவு வருகிறது என்பதை விட எப்போது வருகிறது, யார் கைக்கு வருகிறது என்பதில்தான் சிக்கல் அதிகம் என்று எனக்குப் படுகிறது. சென்னையை வைத்தே இதைப் பார்க்கலாம்.

மிக்ஜாம் வந்த அதே வாரத்தை எடுத்துக்கொள்வோம். பாதிக்கப்பட்ட குடும்பங்களுக்குத் தலா 6,000 ரூபாய் என்று தமிழ்நாடு அரசு அறிவித்து ரேஷன் கடைகள் வழியாகக் கொடுத்தது. சுமார் 24 லட்சம் குடும்பங்கள். கணக்குப் போட்டால் 1,400 கோடி ரூபாயைத் தாண்டும். டிசம்பர் 7-ஆம் தேதி மத்திய அரசு இன்னொரு அறிவிப்பு செய்தது: சென்னை வடிநிலப் பகுதியின் வெள்ளத் தணிப்புத் திட்டத்துக்கு 561.29 கோடி ரூபாய், அதில் மத்திய உதவி 500 கோடி. தேசிய பேரிடர் தணிப்பு நிதியிலிருந்து நகர்ப்புற வெள்ளத்துக்கு என்று ஒப்புதல் பெற்ற முதல் திட்டம் இதுதான்.

ஒரு மழைக்குப் பின் வீடு வீடாகக் கொடுத்த தொகை, அடுத்த மழைகளைச் சமாளிக்க ஒதுக்கியதைப் போல இரண்டரை மடங்கு. நிவாரணம் தப்பு என்று சொல்ல வரவில்லை. வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீரில் நின்றவருக்கு அந்த ஆறாயிரம் அரிசியும் பாயும் பள்ளிக்கூடப் புத்தகமும். ஆனால் இந்த விகிதம் தற்செயலாக வந்ததில்லை. நம் நிதி ஏற்பாட்டின் எலும்பிலேயே இருக்கிறது.

சட்டம் எழுதி 16 வருடம்

2004 சுனாமிக்குப் பிறகு, 2005-ல் பேரிடர் மேலாண்மைச் சட்டம் வந்தது. அதன் 46-வது பிரிவு தேசிய அளவில் நிவாரண நிதி ஒன்றை வைக்கச் சொன்னது, 47-வது பிரிவு தணிப்பு நிதி ஒன்றை. 48-வது பிரிவு இதையே மாநிலங்களுக்குச் சொன்னது. அதாவது வந்தபின் செலவழிக்க ஒரு பெட்டி, வருவதற்கு முன் செலவழிக்க ஒரு பெட்டி. சட்டம் எழுதியவர்களுக்குத் தெளிவு இருந்திருக்கிறது.

2010 வாக்கில் முதல் பெட்டி தயாராகிவிட்டது. இரண்டாவது பெட்டி வரவில்லை. தணிப்புக்கான வேலைகள்தான் வழக்கமான திட்டங்களிலேயே நடக்கின்றனவே, தனி நிதி எதற்கு என்பதுதான் டெல்லியின் வாதமாக இருந்தது. 2016 மே மாதம், வறட்சி தொடர்பாக ஸ்வராஜ் அபியான் என்ற அமைப்பு தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம், மூன்று மாதத்துக்குள் தேசிய தணிப்பு நிதியை அமையுங்கள் என்று உத்தரவிட்டது. மூன்று மாதம் ஐந்து வருடம் ஆனது. 2021 பிப்ரவரியில்தான் நிதி முறைப்படி உருவானது.

அதற்கும் தள்ளுவிசை கொடுத்தது, மத்திய வரி வருவாயை மாநிலங்களுக்கு எப்படிப் பங்கிடுவது என்று பரிந்துரைக்கும் நிதிக்குழு, என்.கே. சிங் தலைமையிலான 15-வது குழு. 2021 முதல் 2026 வரையிலான ஐந்து ஆண்டுகளுக்கு, மாநிலங்களின் பேரிடர் நிதிக்கு மொத்தம் 1,60,153 கோடி ரூபாயை அது பரிந்துரைத்தது. பெரும்பாலான மாநிலங்களுக்கு மத்திய அரசு 75 சதவீதம், மாநிலம் 25 சதவீதம். வடகிழக்கு, இமயமலை மாநிலங்களுக்கு 90-க்கு 10. மொத்தத் தொகையில் 80 சதவீதம் நிவாரண நிதி, 20 சதவீதம் தணிப்பு நிதி. அந்த 80-க்குள்ளும் மூன்று பங்கு: உடனடி மீட்பு, நிவாரணத்துக்கு 40, மறுசீரமைப்புக்கு 30, ஆயத்த வேலைகளுக்கு 10. ஆக, பேரிடருக்கு முன்னால் போகக்கூடிய பணம் என்று பார்த்தால் நூற்றுக்கு முப்பது ரூபாய். முன்பு பூஜ்யமாக இருந்ததோடு ஒப்பிட்டால் இது பெரிய மாற்றம்தான்.

ஆனால் அந்த நிதிக்குழு பங்கு பிரித்த சூத்திரத்தைப் பாருங்கள். ஒரு மாநிலத்துக்கு எவ்வளவு என்பதை முடிவு செய்யும் அடிப்படைக் கணக்கில் 70 சதவீத எடை, அந்த மாநிலம் கடந்த ஆண்டுகளில் பேரிடருக்கு எவ்வளவு செலவழித்தது என்பதற்கு. பரப்பளவுக்கும் மக்கள்தொகைக்கும் தலா 15. அதற்கு மேல்தான் ஆபத்துக் குறியீடு வைத்துச் சரிக்கட்டினார்கள். முன்கூட்டியே யோசித்துச் சேதத்தைக் குறைத்துக்கொண்ட மாநிலத்துக்கு இந்தக் கணக்கில் பெரிய லாபம் கிடைக்கவில்லை.

சென்னைக்கு 500, தூத்துக்குடிக்கு?

நகரங்களுக்கு என்று அந்த நிதிக்குழு தனியாக 2,500 கோடி ஒதுக்கியது. மக்கள்தொகை அதிகமுள்ள ஏழு நகரங்கள்: மும்பை, சென்னை, கொல்கத்தாவுக்குத் தலா 500 கோடி, பெங்களூரு, ஹைதராபாத், அகமதாபாத், புனேவுக்குத் தலா 250 கோடி. சென்னையின் 500 கோடி இங்கிருந்து வந்ததுதான். ஐந்து வருடத்துக்கு என்பதால் ஆண்டுக்கு 100 கோடி. மத்திய அரசு அறிவித்த நாளில் இது புயலுக்காகக் கொடுத்த புதுப் பணம் போலத் தெரிந்தது. உண்மையில் நிதிக்குழு அறிக்கையில் சென்னையின் பெயர் போட்டு ஏற்கெனவே எழுதி வைத்திருந்த தொகை. புயல் செய்தது, அரசுக் கோப்பை நகர்த்தியது மட்டும்.

மிக்ஜாம் போய் இரண்டு வாரம்கூட ஆகவில்லை, தூத்துக்குடி மாவட்டம் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் சுமார் 95 செ.மீ. மழை பெய்தது. தூத்துக்குடி நகரமும் தாமிரபரணிக் கரையும் மூழ்கின. ஆனால் தூத்துக்குடி பெரிய ஏழில் இல்லை. 2025 அக்டோபரில் இரண்டாம் கட்டமாக 11 நகரங்களுக்கு 2,444 கோடி ரூபாய் ஒப்புதல் ஆனது. பாட்னா, விசாகப்பட்டினம், திருவனந்தபுரம், லக்னோ எல்லாம் அதில் உண்டு. தமிழ்நாட்டு ஊர் எதுவும் கிடையாது. தலையை எண்ணிப் பணம் கொடுத்தால் இப்படித்தான் ஆகும். மேகத்துக்கு மக்கள்தொகைக் கணக்கெடுப்பு தெரியாது.

இதற்கிடையே வழக்கமான சண்டை வேறு. இரண்டு வெள்ளத்துக்கும் சேர்த்துத் தமிழ்நாடு கேட்டது 37,907 கோடி. 2024 ஏப்ரலில் மாநில அரசு உச்ச நீதிமன்றம் போனது. அந்த மாதக் கடைசியில் மத்திய அரசு விடுவித்தது சுமார் 276 கோடி. நூற்றுக்கு ஒரு ரூபாய்கூட இல்லை என்ற கோபம் புரிகிறது. ஆனால் இவ்வளவு பெரிய இடைவெளி எப்படி வருகிறது என்பதையும் தெரிந்துகொள்வது நல்லது. மாநிலம் அனுப்பும் பட்டியலில் சாலை, பாலம், மின்மாற்றி, நிரந்தரச் சீரமைப்பு எல்லாம் சந்தை விலையில் இருக்கும். தேசிய நிதியோ விதிகளில் உள்ள விலைப்பட்டியலை வைத்துத்தான் கணக்குப் போடும். அப்போதைய விதிப்படி உயிரிழப்புக்கு 4 லட்சம், சமவெளியில் முழுதாக இடிந்த வீட்டுக்கு 1.2 லட்சம் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு உச்ச வரம்பு. அதோடு, மாநில நிதியில் இருக்கும் இருப்பையும் கணக்கில் கழிப்பார்கள். தமிழ்நாட்டு நிவாரண நிதிக்கு 2023-24-ல் மத்தியப் பங்கு 900 கோடி, மாநிலப் பங்கையும் சேர்த்தால் 1,200 கோடி. ஆறாயிரம் ரூபாய் விநியோகம் ஒன்றே அதை விழுங்கியிருக்கும். அரசியல் இதில் இல்லவே இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஆட்சியில் யார் இருந்தாலும் இந்த விதிப்புத்தகம் கேட்ட தொகையைத் தராது.

அந்த நாலாயிரம் கோடி

சரி, வடிகால் பணத்துக்கு வருவோம். தணிப்பு நிதியிலிருந்து அது வந்திருக்க முடியாது. கடற்கரைச் சுவர், வெள்ளக் கரை மாதிரியான பெரிய கட்டுமானங்களை இந்த நிதியில் செய்யக் கூடாது, வழக்கமான வளர்ச்சித் திட்டங்களில் செய்யுங்கள் என்பது நிதிக்குழுவே போட்ட நிபந்தனை. ஆக வேறு எங்கே போவது? கடன்.

2015 டிசம்பர் வெள்ளத்தில் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 செ.மீ. பெய்தது, செம்பரம்பாக்கத்திலிருந்து 29,000 கன அடி திறந்துவிடப்பட்டது. அதற்குப் பிறகு நகரத்தை ஆற்றுப் படுகைகளாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் ஒரு திட்டம் போட்டார்கள். அடையாறு, கூவம் வடிநிலத்துக்கு உலக வங்கி. வடக்கே கொசஸ்தலையாறு வடிநிலத்துக்கு ஆசிய வளர்ச்சி வங்கி, 2021-ல் 25.1 கோடி டாலர் கடன். திட்டத்தின் மொத்த மதிப்பு 3,000 கோடி ரூபாய்க்கு மேல். தெற்கே கோவளம் வடிநிலத்துக்கு ஜெர்மனியின் கே.எஃப்.டபிள்யூ. வங்கி. ஊரைச் சர்வதேச வங்கிகள் பங்கு போட்டுக்கொண்டது போல இருக்கும். ஆனால் வார்டு வாரியாக ஒட்டுப் போடும் பழைய பழக்கத்தைவிட, நீரின் போக்கை வைத்துத் திட்டமிட இந்தக் கடன்கள்தான் கட்டாயப்படுத்தின. அதை மறுக்கக் கூடாது.

இடைஞ்சல் என்னவென்றால், ஒவ்வொரு வங்கிக்கும் ஒரு கால அட்டவணை, ஒரு ஒப்பந்த முறை, ஒரு சுற்றுச்சூழல் ஆய்வு. மிக்ஜாம் வந்தபோது மையப் பகுதியில் வேலை பெருமளவு முடிந்திருந்தது, வடக்கிலும் தெற்கிலும் நடந்துகொண்டிருந்தது. 2011-ல் மாநகராட்சி 174 சதுர கி.மீ.-யிலிருந்து 426 சதுர கி.மீ. ஆக விரிந்தபோது உள்ளே வந்த மணலி, மாதவரம், அம்பத்தூர் பக்கமெல்லாம் இந்த இரண்டாவது வகை. "தி.நகரில் வடிந்தது, இங்கே ஏன் வடியவில்லை" என்று அங்கே கேட்டவர்களுக்கு பதில் பெரும்பாலும் கடன் ஒப்பந்தத் தேதிகளில் இருந்தது.

கடனைத் திருப்பிக் கட்ட வேண்டும். குடிநீர்க் குழாய் போட்டால் மாதாமாதம் கட்டணம் வாங்கலாம். மெட்ரோ ஓட்டினால் டிக்கெட் விற்கலாம். மழைநீர் வடிகாலுக்கு எவரும் பில் போட முடியாது. அது வேலை செய்கிற நாளில் ஒன்றுமே நடக்காது. அதற்கு யார் பணம் கொடுப்பார்கள்? அதனால் சுமை முழுக்கப் பொது வருவாய் மீது, குறிப்பாகச் சொத்து வரி மீது விழுகிறது. சென்னையில் 1998-க்குப் பிறகு 2022 வரை சொத்து வரி உயர்வு எதுவும் நிலைக்கவில்லை. 2018-ல் ஒருமுறை ஏற்றியதையும் அடுத்த ஆண்டே திரும்பப் பெற்றார்கள். 2022-ல் 25 முதல் 150 சதவீதம் வரை ஒரேயடியாக ஏற்றினார்கள். அதுவும், சொத்து வரியைச் சீர்செய்யாத நகரங்களுக்கு மானியம் கிடையாது என்று 15-வது நிதிக்குழு நிபந்தனை வைத்ததால். கத்தல் பெரிதாக இருந்தது. இருக்கத்தான் செய்யும். வருடத்துக்குக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றியிருந்தால் இந்த அதிர்ச்சி இருந்திருக்காது.

2025 மே மாதம் மாநகராட்சி முதல் முறையாகச் சந்தையில் இறங்கி 200 கோடி ரூபாய்க்கு நிதிப் பத்திரம் வெளியிட்டது. வட்டி 7.97 சதவீதம். கொசஸ்தலையாறு வடிகால் பணிக்கு மாநகராட்சி போட வேண்டிய பங்குக்காக இந்தப் பணம். ஆண்டு வட்டி மட்டும் ஏறக்குறைய 16 கோடி. பத்திரத்துக்குச் சந்தையில் நல்ல வரவேற்பு கிடைத்ததற்குக் காரணம், அந்த உயர்த்திய சொத்து வரி வருவாய் கணக்கில் தெரிவதுதான் என்று நினைக்கிறேன். தமிழ்நாட்டுக்கு இது புது வித்தையும் இல்லை. 1996-லேயே தனியார் நிதி நிறுவனங்களோடு சேர்ந்து தமிழ்நாடு நகர்ப்புற வளர்ச்சி நிதியம் தொடங்கியது. 2000-களின் தொடக்கத்தில் பத்துக்கும் மேற்பட்ட சிறிய உள்ளாட்சிகளை ஒன்றாகச் சேர்த்து, அவற்றின் குடிநீர், கழிவுநீர் வேலைகளுக்குக் கூட்டுப் பத்திரம் வெளியிட்டார்கள். தனியாகப் போனால் எந்த முதலீட்டாளரும் திரும்பிப் பார்க்காத ஊர்கள் அவை. தூத்துக்குடி போன்ற நகரங்களின் வெள்ளத் தடுப்புக்கு இந்தப் பழைய வழியை ஏன் தூசி தட்டக் கூடாது என்பது என் கேள்வி.

திட்டம் போடுவதற்குப் பணம் இல்லை

இந்தக் கணக்குகளிலேயே மிகச் சிறிய செலவு, திட்டமிடுவதற்கான செலவு. எந்தத் தெரு எத்தனை செ.மீ. மழைக்கு மூழ்கும், எந்த மருத்துவமனையின் ஜெனரேட்டர் தரைத்தளத்தில் இருக்கிறது, எந்தப் பள்ளிக்குப் படகு போகும் என்று கண்டுபிடித்து எழுதி, வருடா வருடம் திருத்துவது. இதற்குத்தான் நிலையான கணக்குத் தலைப்பே கிடையாது.

சென்னையில் திட்டங்களுக்குப் பஞ்சமில்லை. ராக்ஃபெல்லர் அறக்கட்டளை உலகம் முழுக்க நூறு நகரங்களுக்கு உதவிய திட்டத்தில் சென்னை 2014-ல் தேர்வானது. பேரிடரைத் தாங்கி மீள்வது எப்படி என்று சொல்லும் தாங்குதிறன் உத்தி ஆவணம் 2019 ஜூனில் வெளியானது. அடுத்த மாதமே அந்த உலகளாவிய அமைப்பு மூடப்பட்டது. ஆவணம் இருக்கிறது, அதை நடத்திச் செல்லப் பணம் கொடுத்தவர் இல்லை. 2021 நவம்பர் மழைக்குப் பிறகு ஓய்வுபெற்ற ஐ.ஏ.எஸ். அதிகாரி திருப்புகழ் தலைமையில் குழு அமைந்து, 2023 மார்ச்சில் முதல்வரிடம் இறுதி அறிக்கை கொடுத்தது. அதே ஆண்டு காலநிலைச் செயல் திட்டம் ஒன்றும் வந்தது. ஒவ்வொன்றும் தன் அளவில் உழைத்துச் செய்ததுதான். ஆனால் ஒன்றின் பரிந்துரை அடுத்த நிதிநிலை அறிக்கையில் எந்த வரியாக மாறியது என்று தேடினால் கண் வலிக்கும்.

அமெரிக்காவில் இந்த முடிச்சை வேறு மாதிரி போட்டிருக்கிறார்கள். 2000-ஆம் ஆண்டுச் சட்டப்படி, ஒரு நகரமோ கவுன்டியோ (நம் மாவட்டம் மாதிரி) ஆபத்துத் தணிப்புத் திட்டம் ஒன்றைத் தயாரித்து, ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பித்து, பேரிடர் முகமையான ஃபீமாவின் ஒப்புதல் வாங்கி வைத்திருந்தால்தான் தணிப்பு மானியமே கிடைக்கும். பெரிய பேரிடர் அறிவித்த பிறகு மாநிலத்துக்குப் போகும் உதவியில், பொதுவாக 15 சதவீதம் வரை கூடுதலாகக் கொடுத்து, இது அடுத்த பேரிடரைத் தடுக்க மட்டும் என்று ஒதுக்குவார்கள். அதில் 7 சதவீதம் வரை திட்டமிடலுக்கே செலவழிக்கலாம். இது எனக்குப் பிடித்த விதி. மக்களும் தலைவர்களும் பயந்திருக்கும் அந்தச் சில மாதங்களிலேயே அடுத்ததற்கான பணமும் வர அது வழி செய்கிறது. அங்கே நடந்த ஓர் ஆய்வு, அந்நாட்டு மத்திய அரசு தணிப்புக்குக் கொடுத்த ஒவ்வொரு டாலருக்கும் ஆறு டாலர் சேதம் மிச்சம் என்று 2019-ல் மதிப்பிட்டது.

அதற்காக அமெரிக்காவைத் தூக்கிவைத்துக் கொண்டாட வேண்டியதில்லை. பேரிடருக்கு முன்பே பணம் கொடுக்க 2020-ல் தொடங்கிய பிரிக் என்ற மானியத் திட்டத்தை 2025 ஏப்ரலில் புதிய அரசு ரத்து செய்தது. இருபது மாநிலங்கள் நீதிமன்றம் போயின. ஆறுக்கு ஒன்று என்ற கணக்கு அரசாங்கத்தின் கையிலேயே இருந்தும் இந்தக் கதி.

நம் பக்கம் 2025-ல் பேரிடர் மேலாண்மைச் சட்டத்தைத் திருத்தி, மாநிலத் தலைநகரங்களுக்கும் மாநகராட்சிகளுக்கும் நகரப் பேரிடர் மேலாண்மை ஆணையம் வைக்க வழி செய்தார்கள். மாநகராட்சி ஆணையர் தலைவர், ஆட்சியர் துணைத் தலைவர், அந்த ஆணையம் நகரத்துக்கான திட்டம் போட வேண்டும். நல்ல விஷயம், மாவட்ட அளவில் யோசித்தே பழகிய அமைப்புக்கு நகரம் என்று ஒன்று இருப்பது கடைசியில் கண்ணில் பட்டிருக்கிறது. ஆனால் நகர ஆணையத்துக்கு என்று தனி நிதி எதையும் சட்டம் உருவாக்கவில்லை. ஆணையர் மாநிலத்திடம்தான் கை நீட்ட வேண்டும்.

பராமரிப்பும் இப்படித்தான். வடிகால் கட்டுவது மூலதனச் செலவு, அதற்குக் கடன் கிடைக்கும், கல்வெட்டு உண்டு. தூர்வாருவது வருவாய்ச் செலவு. எந்த வங்கியும் அதற்குத் தராது, மாநகராட்சியே தன் கைப்பணத்தில் ஒவ்வொரு வடகிழக்குப் பருவமழைக்கும் முன்னால் செய்ய வேண்டும். வடிகாலின் நீளம் கூடக்கூட இந்தச் செலவும் கூடும். அந்தக் கூடுதல் தொகையைத் திட்ட அறிக்கை தயாரிக்கும்போதே யாராவது ஒரு வரவில் கட்டிவைக்க வேண்டாமா?

அப்புறம் நிலம். ஆற்றுக்கு நீர்வளத் துறை, வடிகாலுக்கு மாநகராட்சி, நில உபயோகத்துக்கு சி.எம்.டி.ஏ. என்னும் சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம். உயரமான கட்டடத்துக்கு அனுமதி கொடுக்கும்போது உள்கட்டமைப்புக் கட்டணம் சி.எம்.டி.ஏ. வழியாக அரசுக்குப் போகிறது. அந்தக் கட்டடம் மறித்த தண்ணீரை வடிப்பதற்கான கடன் மாநகராட்சி தலையில் விழுகிறது. பள்ளிக்கரணை சதுப்பு நிலம் பல ஆயிரம் ஹெக்டேரிலிருந்து சுருங்கிப்போய், 2022-ல் சுமார் 1,248 ஹெக்டேர் ராம்சர் தளமாக, அதாவது சர்வதேச முக்கியத்துவம் உள்ள ஈரநிலமாக, அறிவிக்கப்பட்டது. 2025-ல் பசுமைத் தீர்ப்பாயம், தாக்கப் பகுதி ஆய்வு முடியும்வரை அதைச் சுற்றி ஒரு கிலோமீட்டருக்குள் கட்டுமான அனுமதி தராதீர்கள் என்று நிறுத்தியது. வெள்ளத் தணிப்பு என்று பெயர் வைக்காத வெள்ளத் தணிப்பு அது. கடன் வாங்காமல் நடந்தது. நிறுத்தியது நீதிமன்றப் பாதையில் வந்த உத்தரவு, நகரத்தின் சொந்தத் திட்டம் அதைச் செய்யவில்லை.

2008-ல் வந்த சென்னைப் பெருநகரின் இரண்டாம் முழுமைத் திட்டத்தின் காலம் 2026-உடன் முடிகிறது. மூன்றாவது தயாராகிக்கொண்டிருக்கிறது. வடிநில ஆய்வுகளுக்கும் வெள்ள முன்னறிவிப்பு அமைப்புக்கும் கோடிக்கணக்கில் செலவழித்து எந்த இடம் எவ்வளவு தாழ்வு என்ற வரைபடங்களை அரசு இப்போது கையில் வைத்திருக்கிறது. அவை மூன்றாம் திட்டத்தில் கட்டட விதியாக ஏறுமா, பின்னிணைப்பில் வண்ணப் படமாக நின்றுவிடுமா என்பதுதான் அடுத்து கவனிக்க வேண்டியது. விதியாக ஏறினால், அடுத்த வடிகால் கடனின் அளவு ஓரளவுக்காவது குறையும்.